வளர்ப்புப் பாம்புகளில் ஒடுங்கு மரபணு: ஹெட் முதல் ஸ்னோ வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு பால் பைத்தான்கள் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் இருக்கின்றன. பந்துபோலச் சுருண்டுகொள்ளும் அந்தச் சிறிய மலைப்பாம்புதான். இரண்டுக்கும் அதே கறுப்பு, அதே பழுப்புத் திட்டுகள். ஒரு பெட்டியின் மேல் ‘100% ஹெட் அல்பினோ’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. சீட்டைக் கழற்றிவிட்டால் எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் தனித்தனியே, கறுப்பு நிறமே இல்லாத ஒரு அல்பினோவோடு சேர்த்தால், ஒன்றின் முட்டைகளிலிருந்து வெள்ளை மஞ்சள் குட்டிகள் வரும், மற்றதிலிருந்து ஒன்றுகூட வராது.

ஒடுங்கு மரபணுவை வைத்துப் பாம்பு வளர்க்கத் தொடங்கும் பலர் தடுமாறுவது இங்கேதான். தெரியாத ஒன்றை நம்பி மூன்று, நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது. கணக்கு சின்னதுதான், பள்ளிக் கணக்கே போதும். ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை ஒருமுறை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: நான்கு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும் பண்பு ஓங்கு பண்பு. இரண்டு பிரதியும் ஒரே மாதிரி மாறியிருந்தால் மட்டுமே தெரியும் பண்பு ஒடுங்கு பண்பு.

வளர்ப்பவர்கள் பேச்சில் புழங்கும் சொற்கள் இவை: மாறிய பிரதி இரண்டும் கொண்டு, நிறமாற்றத்தை வெளியே காட்டும் பாம்பு விஷுவல். ஒரு பிரதி மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே சாதாரணமாகத் தெரிவது ஹெட். மாறிய பிரதியே இல்லாதது நார்மல். நிற, வடிவ மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பொதுப்பெயர் மார்ஃப்.

‘ஹெட்’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்வதில் பொருளே இல்லை. எதற்கு ஹெட் என்று சொல்ல வேண்டும்: ஹெட் அல்பினோ, ஹெட் பைபால்ட், ஹெட் கிளவுன். பால் பைத்தானில் இந்த மூன்றுமே ஒடுங்கு பண்புகள். ஆண், பெண் எதன் வழியாக வந்தாலும் இவற்றுக்குக் கணக்கு ஒன்றுதான்.

பேஸ்டல் போன்ற மார்ஃப்கள் வேறு வகை. அங்கே ஒரு பிரதி இருந்தாலே நிறம் மாறும், இரண்டு பிரதி சேர்ந்தால் ‘சூப்பர்’ என்று இன்னும் தூக்கலாகத் தெரியும். அதை முழுமையற்ற ஓங்குத்தன்மை என்பார்கள். இந்த வழிகாட்டியின் கணக்கை அவற்றுக்குப் போடக் கூடாது.

படி 2: ஒரு பிரதி ஏன் மறைந்துபோகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல் தானாகவே வரும். பாம்பின் கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் வருபவை. மெலனின் தயாராவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியைச் செய்யும் மரபணு கெட்டுப்போனால் கறுப்பு வராது. மஞ்சளையும் சிவப்பையும் தருபவை வேறு செல்கள், அவை தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால்தான் அல்பினோ பால் பைத்தான் முழு வெள்ளையாக இல்லாமல் வெள்ளையும் மஞ்சளுமாக இருக்கிறது.

இப்போது ஹெட் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பிரதி கெட்டிருக்கிறது, ஒரு பிரதி நன்றாக இருக்கிறது. இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவரே முடித்துவிடுவதுபோல, அந்த ஒரு நல்ல பிரதி போதுமான நொதியைச் செய்துவிடுகிறது. தோலில் கறுப்பு குறைவதில்லை. கெட்ட பிரதி எங்கும் போய்விடவில்லை, அதற்குத் தெரிய வாய்ப்பில்லை, அவ்வளவுதான். அடுத்த தலைமுறைக்கு அது முழுசாக, கலங்காமல் போகும்.

‘ஹெட் அல்பினோ என்றால் கொஞ்சம் வெளிறி இருக்குமே’ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பைபால்ட் ஹெட்களில் சிலவற்றுக்கு வயிற்றின் பின்பகுதியில் ஓரமாக ஒருவிதக் கோடுகள் தெரிவதுண்டு என்பது உண்மை. ஆனால் அந்தக் கோடு இல்லாத ஹெட்டும் உண்டு, கோடு இருக்கும் நார்மலும் உண்டு. அடையாளத்தை மட்டும் நம்பி ஒரு பாம்பை ஹெட் என்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.

படி 3: கட்டம் போட்டுப் பாருங்கள்

மரபியலில் இதற்குப் புன்னட் கட்டம் என்று பெயர். நான்கு அறை கொண்ட ஒரு சதுரம் வரையுங்கள். நிறம் தரும் நல்ல பிரதியை ‘நி’ என்றும், அல்பினோ பிரதியை ‘அ’ என்றும் வைத்துக்கொள்வோம். நார்மல் பாம்பு நிநி, ஹெட் நிஅ, விஷுவல் அஅ.

ஹெட் ஆணையும் ஹெட் பெண்ணையும் சேர்க்கிறீர்கள். ஆணின் நி, அ இரண்டையும் மேலே எழுதுங்கள். பெண்ணின் நி, அ இரண்டையும் இடப்பக்கம் எழுதுங்கள். அறைகளை நிரப்பினால் நிநி ஒன்று, நிஅ இரண்டு, அஅ ஒன்று வரும். அதாவது ஒவ்வொரு முட்டைக்கும் விஷுவலாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஹெட்டாக இருக்க நான்கில் இரண்டு, நார்மலாக இருக்க நான்கில் ஒன்று.

மற்ற ஜோடிகளை நீங்களே போட்டுப் பாருங்கள், கை பழகிவிடும். விடைகள் இப்படி வர வேண்டும்:

விஷுவல் × விஷுவல்: எல்லாம் விஷுவல்.
விஷுவல் × நார்மல்: ஒன்றுகூட விஷுவல் இல்லை, ஆனால் எல்லாமே ஹெட்.
விஷுவல் × ஹெட்: பாதி விஷுவல், பாதி ஹெட்.
ஹெட் × நார்மல்: விஷுவல் கிடையாது. பாதி ஹெட், பாதி நார்மல், ஆனால் எது எது என்று தெரியாது.

இரண்டாவது ஜோடியைப் பார்த்துப் புதியவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள். விலைமதிப்புள்ள அல்பினோவைச் சேர்த்தும் குட்டிகள் எல்லாம் சாதாரணமாகப் பிறந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உண்மையில் அது நல்ல அடித்தளம். அந்தக் குட்டிகள் ஒவ்வொன்றும் ஐயத்துக்கு இடமில்லாமல் ஹெட். பெற்றோரில் ஒன்று விஷுவல் என்றால் அதனிடம் கொடுப்பதற்கு ‘அ’வைத் தவிர வேறு பிரதியே இல்லை. ‘100% ஹெட்’ என்ற சீட்டுக்கு இதுதான் முழு ஆதாரம்.

படி 4: 66% என்றால் என்ன, 50% என்றால் என்ன?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது, ஆகவே இங்கே நின்று பேசுவோம்.

ஹெட் × ஹெட் கட்டத்துக்குத் திரும்புங்கள். நான்கு அறைகளில் அஅ என்பது பிறந்ததுமே தெரிந்துவிடும், அதைத் தனியே எடுத்துவிடலாம். மீதி மூன்றும் சாதாரணமாகத் தெரியும். அந்த மூன்றில் இரண்டு நிஅ, ஒன்று நிநி. ஆகவே அந்த ஜோடிக்குப் பிறந்த சாதாரணக் குட்டி ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. சரியாகச் சொன்னால் 66.7%, பேச்சில் 66%. ஹெட் × நார்மல் ஜோடியின் குட்டிகளில் பாதி ஹெட் என்பதால் அவற்றை 50% ஹெட் என்கிறோம்.

‘66% ஹெட்’ என்றால் அந்தப் பாம்பிடம் மரபணு 66 பங்கு இருக்கிறது என்று பொருளில்லை. பாதி ஹெட், முக்கால் ஹெட் என்றெல்லாம் உயிரினம் கிடையாது. அந்தப் பாம்பு ஒன்று ஹெட், இல்லையென்றால் நார்மல். முட்டை கருவுற்ற நொடியிலேயே அது முடிவாகிவிட்டது. 66 என்ற எண் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை மட்டுமே அளக்கிறது. புதிய தகவல் கிடைத்தால் அந்த எண் மாறும், பாம்பு மாறாது.

எப்படி மாறும்? 66% ஹெட் பெண் ஒன்றை அல்பினோ ஆணோடு சேர்க்கிறீர்கள். நான்கு முட்டைகள் பொரித்து நான்குமே சாதாரணக் குட்டிகள். அவள் ஹெட் என்றால் நான்கும் சாதாரணமாக வர 16-ல் 1 வாய்ப்பு. நார்மல் என்றால் நான்கும் சாதாரணமாக வருவது உறுதி. தொடக்கத்தில் ஹெட் பக்கம் இரண்டு பங்கு, நார்மல் பக்கம் ஒரு பங்கு வைத்திருந்தோம். இப்போது ஹெட் பக்கம் 2-ஐ 16-ஆல் வகுத்தால் எட்டில் ஒரு பங்கு, நார்மல் பக்கம் அதே ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவள் ஹெட்டாக இருக்க 9-ல் 1 வாய்ப்பு, ஏறத்தாழ 11%. ஆகவே 66 என்று எழுதியிருந்த சீட்டை அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பது நேர்மையில்லை. அந்த நான்கு குட்டிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். இரண்டு 66% ஹெட்களை ஜோடியாக வாங்கினால் இரண்டுமே ஹெட்டாக இருக்க 9-ல் 4 வாய்ப்புதான். அதன் மேல் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒன்று. பெருக்கினால் 9-ல் 1. என்னைக் கேட்டால், ஜோடியில் ஒன்றையாவது விஷுவலாக வாங்குங்கள் என்பேன். முடிந்தால் ஆணை விஷுவலாக வாங்குங்கள். ஒரே ஆணைப் பல பெண்களோடு சேர்க்கலாம், ஆண் முதிர்ச்சி அடைவதும் பெண்ணைவிட முன்னதாகவே.

படி 5: முட்டை எண்ணிக்கைக்கு ஏற்ப எதிர்பாருங்கள்

நான்கில் ஒன்று என்றால் எட்டு முட்டையில் இரண்டு விஷுவல் வந்தே தீரும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முட்டையும் தனித்தனிச் சீட்டுக் குலுக்கல். முதல் ஐந்தும் சாதாரணமாக வந்துவிட்டதால் ஆறாவதற்கு வாய்ப்பு கூடுவதில்லை.

பால் பைத்தான் ஒரு முறைக்குப் பொதுவாக ஆறு முட்டை அளவில்தான் இடும். ஹெட் × ஹெட் ஜோடியில் ஆறும் பொரித்தும் ஒரு விஷுவல்கூட வராமல் போக ஏறத்தாழ 18% வாய்ப்பு இருக்கிறது. இது அடிக்கடி நடப்பதுதான். விஷுவல் × ஹெட் ஜோடியில் அதே ஆறும் ஏமாற்ற 64-ல் 1 வாய்ப்பு மட்டுமே. பலர் வளர்க்கும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்நேக் ஒரு முறைக்குப் பத்து, பதினைந்து என்று இடுவதால் அங்கே ஹெட் × ஹெட் ஜோடிகூடப் பெரும்பாலும் கைவிடாது. பத்து முட்டைக்கு விஷுவல் இல்லாமல் போக 6%-க்கும் குறைவு.

பெண் பால் பைத்தான் முட்டையிடும் அளவுக்கு வளர மூன்று ஆண்டுகள் ஆகலாம், எடை ஏறத்தாழ 1,500 கிராம் வர வேண்டும். கணக்கில் அவசரம் காட்டி எடை வராத பெண்ணைச் சேர்க்காதீர்கள். முட்டையிடுவது அவள் உடலிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளும் வேலை.

படி 6: சோதனைக் கலப்பு

சந்தேகமான பாம்பு ஹெட்டா இல்லையா என்று அறிய அதை விஷுவலோடு சேர்ப்பதே சோதனைக் கலப்பு. இதில் ஒரு சாய்வு உண்டு: ஒரே ஒரு விஷுவல் குட்டி பிறந்தாலும் ஹெட் என்பது உறுதியாகிவிடும். சாதாரணக் குட்டி எத்தனை பிறந்தாலும் ‘இல்லை’ என்பது முழுசாக உறுதியாகாது, சந்தேகம் குறைந்துகொண்டே மட்டும் போகும்.

ஆனால் சோதனையின் விடையை நம்ப ஒரு நிபந்தனை இருக்கிறது: தந்தை யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் பாம்புகள் விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைக்கக்கூடியவை. போன பருவத்தில் வேறு ஆணோடு இருந்த பெண், இந்தப் பருவத்தில் அந்தப் பழைய ஆணின் குட்டிகளைத் தரலாம். ஒரே முறை இட்ட முட்டைகளில் இரண்டு தந்தையரின் குட்டிகள் கலந்திருப்பதும் நடக்கும். விஷுவல் ஆணோடு சேர்த்தும் எல்லாம் சாதாரணமாக வந்தால், பெண் ஹெட் இல்லை என்று முடிவு கட்டும் முன் அவளுடைய முந்தைய ஜோடிகளைப் பாருங்கள். சோதனைக்கு வைக்கும் பெண்ணை அந்தப் பருவத்தில் ஒரே ஆணோடு மட்டும் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

உரித்த தோலை அனுப்பினால் சில குறிப்பிட்ட மரபணுக்களுக்குச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்களும் இப்போது உள்ளன. உங்கள் மார்ஃபுக்கு அந்தச் சோதனை இருந்தால், மூன்று ஆண்டுக் காத்திருப்பு சில வாரங்களாகச் சுருங்கும்.

படி 7: பெயர் ஒன்று, மரபணு வேறு

பால் பைத்தானில் அல்பினோ, லாவெண்டர் அல்பினோ, அல்ட்ராமெல் மூன்றுமே கறுப்பு குறைந்த ஒடுங்கு மார்ஃப்கள். பார்க்க உறவுக்காரர்கள் போலிருக்கும். ஆனால் அல்பினோவையும் லாவெண்டரையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரணமாகவே பிறக்கும். 2022-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, வளர்ப்பவர்கள் அனுப்பிய உரித்த தோல்களைக் கொண்டு இதன் காரணத்தைக் காட்டியது: மூன்றும் மூன்று வேறு மரபணுக்களில் ஏற்பட்ட மாற்றங்கள். அல்பினோ டைரோசினேஸ் மரபணுவில், லாவெண்டர் ஓசிஏ2-இல், அல்ட்ராமெல் டிஒய்ஆர்பி1-இல். ஒன்றில் இல்லாத நல்ல பிரதியை மற்றது கொடுத்துவிடுவதால் குட்டிக்குக் கறுப்பு திரும்பிவிடுகிறது. அந்தக் குட்டி இரண்டுக்கும் ஹெட்.

போவா என்ற பாம்பு வகையில் கால் அல்பினோ, ஷார்ப் அல்பினோ என்ற இரண்டு மரபு வழிகளும் இப்படித்தான், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. மஞ்சள் நிறம் இல்லாத ஆக்சாந்திக் என்ற பால் பைத்தான் மார்ஃபிலும் பல வழிகள் இருக்கின்றன, எல்லாம் ஒத்துப்போவதில்லை. ஆகவே ‘ஹெட் ஆக்சாந்திக்’ என்று மட்டும் சொல்லி ஒருவர் பாம்பைக் கொடுத்தால், எந்த வழி என்று கேளுங்கள். அந்த விடை இல்லாமல் சரியான ஜோடியைத் தேட முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கேண்டி என்ற மார்ஃப் அல்பினோவின் அதே மரபணுவில் ஏற்பட்ட வேறொரு மாற்றம். இரண்டையும் சேர்த்தால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பிரதி வாங்கிய குட்டி, கேண்டினோ என்ற பெயரில், நிறம் மாறியே பிறக்கும்.

படி 8: இரண்டு ஒடுங்கு மரபணுக்களைச் சேர்ப்பது

கார்ன் ஸ்நேக்கில்தான் இதை எளிதாகப் பார்க்கலாம். அமெல் என்ற ஒடுங்கு மரபணு கறுப்பை எடுத்துவிடும், சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சும். அனெரி சிவப்பை எடுத்துவிடும், சாம்பலும் கறுப்பும் மிஞ்சும். இரண்டும் ஒரே பாம்பில் சேர்ந்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஸ்னோ.

அமெல் ஒன்றையும் அனெரி ஒன்றையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கச் சாதாரணம். எல்லாமே இரண்டுக்கும் ஹெட், அதாவது டபுள் ஹெட். டபுள் ஹெட் இரண்டைச் சேர்த்தால் 16-ல் 9 சாதாரணம், 3 அமெல், 3 அனெரி, 1 ஸ்னோ. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். அமெலுக்கு நான்கில் ஒன்று, அனெரிக்கு நான்கில் ஒன்று, பெருக்கினால் பதினாறில் ஒன்று. எத்தனை மரபணு சேர்ந்தாலும் இப்படித் தனித்தனியே போட்டுப் பெருக்குங்கள். இரண்டு மரபணுவும் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து இருந்தால் மட்டும் இந்தப் பெருக்கல் பொருந்தாது.

பதினைந்து முட்டை கிடைத்தாலும் டபுள் ஹெட் ஜோடியில் ஒரு ஸ்னோவாவது வர 62% அளவுதான் வாய்ப்பு. ஆறு முட்டை இடும் பால் பைத்தானில் இதே வகைத் திட்டம் போட்டால் 32%. அதனால் நடுவில் ஒரு தலைமுறையை வீணாக நினைக்காதீர்கள். டபுள் ஹெட் ஜோடியில் பிறந்த அமெல் குட்டிகள் அனெரிக்கு 66% ஹெட். அவற்றில் உறுதியான ஹெட் ஒன்றைக் கண்டுபிடித்து ஸ்னோவோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி ஸ்னோ. பொறுமையாக ஒரு படி ஏறி நின்றால் 16-ல் ஒன்று 2-ல் ஒன்றாகிறது.

படி 9: நாம் விரும்பாத ஒடுங்கு மரபணுவும் மறைந்தே வரும்

நிறத்துக்கு ஆசைப்பட்டு அப்பனையும் மகளையும், உடன்பிறந்தவற்றையும் திரும்பத் திரும்பச் சேர்க்கும் வழக்கம் இந்தத் துறையில் இருக்கிறது. ஹெட் மகளை விஷுவல் அப்பனோடு சேர்த்தால் பாதி விஷுவல் என்று கணக்கு அழகாக வரும். ஆனால் இப்படிச் சேர்வது அல்பினோ பிரதிகள் மட்டுமல்ல. அப்பனிடம் மறைந்திருக்கும் கேடான ஒடுங்கு மரபணு எதுவாக இருந்தாலும் அதுவும் குட்டியில் இரண்டு பிரதியாகச் சேர வாய்ப்பு உண்டு.

கார்ன் ஸ்நேக்கில் ஸ்டார்கேஸர் என்ற நோய் இதற்குச் சான்று. அது ஒடுங்கு மரபணுவால் வரும் நரம்புக் கோளாறு. பாதிக்கப்பட்ட குட்டிக்கு உடலைச் சமநிலையில் வைத்துக்கொள்ள முடியாது, தலையை மேல்நோக்கி முறுக்கிக்கொள்ளும். சன்கிஸ்டு என்ற மார்ஃபின் வழிகளில்தான் இது தெரியவந்தது. நோயைச் சுமக்கும் ஹெட்கள் நல்ல உடல்நிலையோடும் அழகோடும் இருந்ததால், அழகான சன்கிஸ்டு என்று கைமாறும்போதே நோயும் சேர்ந்து கைமாறியது.

ஒரு குட்டிக்கு இப்படி நடப்பதைப் பார்த்தால் பெற்றோர் இரண்டையும் உடனே இனப்பெருக்கத்திலிருந்து விலக்குங்கள். அவற்றின் முந்தைய குட்டிகளை வாங்கியவர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள். சொல்லச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள். சொந்தத்துக்குள் சேர்த்தே ஆக வேண்டியிருந்தால் ஒரு தலைமுறையோடு நிறுத்தி, அடுத்த முறை வேறு வழியிலிருந்து ஒரு விஷுவலையோ ஹெட்டையோ கொண்டுவாருங்கள்.

படி 10: பதிவேடு

ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு எண் கொடுங்கள். பொரித்த நாள், தாய், தந்தை எண்கள், எந்தெந்த நாளில் யாரோடு சேர்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தீர்கள், எத்தனை முட்டை, எத்தனை பொரித்தன, எத்தனை விஷுவல், எத்தனை சாதாரணம் என எல்லாம் எழுதுங்கள். சாதாரணக் குட்டிகளின் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். 4-ஆம் படியில் 66-ஐ 11 ஆக்கியது அவைதான்.

குட்டியை ஒருவருக்குக் கொடுக்கும்போது சீட்டில் ஒரு வரி போதும்: “எண் 27. தந்தை அல்பினோ, தாய் நார்மல். 100% ஹெட் அல்பினோ. தாய் வேறு ஆணோடு சேர்ந்ததில்லை.” தாய், தந்தை பற்றி உங்களுக்கே உறுதி இல்லையென்றால் அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் சோதனைக் கலப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே அவருக்குக் காட்டிவிடும்.